மறுபடியும் ஸ்டாக் ரோமில் மூன்று வாரம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "உன் பழைய போன்ல ஒரு கஸ்டம் ரோம் போட்டியே, நானும் போடலாமாடா?" போனோடு வந்த மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியார் செய்த ஆண்ட்ராய்டை ஏற்றுவதைத்தான் கஸ்டம் ரோம் போடுவது என்பார்கள். இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் "போடு" என்றிருப்பேன். நடுவில் பேட்டரி உப்பிப்போய் எல்லாம் குழம்பிவிட்டது.

2019-ல் வாங்கிய போன் இது. ஆண்ட்ராய்டு 9-உடன் வந்து, 11-ல் நின்றுபோனது. அதற்கு மேல் அப்டேட் இல்லை என்று நிறுவனம் கைகழுவியதும் லினேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமை ஏற்றினேன். படிப்படியாக 14 வரை வந்தேன். பேட்டரி மாற்றக் கொடுத்த இடத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போனோடு முதலில் வந்த ஸ்டாக் ரோமை ஏற்றி, போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரையும் வேறு ரோம் ஏற்ற முடியாதபடி பூட்டித் தந்துவிட்டார்கள். கேட்டால் அதுதான் நடைமுறையாம். பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். சரி, வந்தது வந்துவிட்டது, கொஞ்ச நாள் இதிலேயே இருந்து பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு எடுத்த படத்தைப் பார்த்து அசந்துபோனேன். அதே லென்ஸ், அதே சென்சார். ஆனால் படத்தைச் செதுக்கும் வேலையெல்லாம் நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் இருக்கிறது. அது லினேஜுக்குக் கிடைக்காது. இத்தனை நாள் கலங்கல் தண்ணீர் மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு, என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். வீடியோ செயலிகளும் 480பி தரத்தை விட்டு மேலே ஏறின. வங்கிச் செயலி முறைக்காமல் திறந்தது. லினேஜில் அது ஒரு பெரிய தலைவலி. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுபிடித்துச் சொல்லிவிடும், செயலி கதவைச் சாத்திவிடும். மாஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு ஏமாற்றலாம். அடுத்த மாதம் அது பிடிபடும். பணம் கட்ட வரிசையில் நிற்கும்போதுதான் பிடிபடும்.

இவ்வளவு இருந்தும் நான்காம் நாள் காலையில் அலாரம் அடிக்கவில்லை.

பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பின்னணியில் ஓடும் செயலிகளை இந்த ஸ்டாக் ரோம் கழுத்தை நெரித்துவிடுகிறது. நான் வைத்திருக்கும் அலாரம் செயலியும் அதில் காலி. தடுக்க வேண்டுமென்றால் ஆட்டோஸ்டார்ட் ஓர் இடத்தில், பேட்டரிக் கட்டுப்பாடு இன்னோர் இடத்தில், சமீபத்திய செயலிகள் பட்டியலில் ஒரு பூட்டு. மூன்றையும் செய்தேன். ஒரு வாரம் ஒழுங்காக அடித்தது, அப்புறம் மறுபடி மௌனம். மெசேஜ்களும் அப்படித்தான். திரையைத் திறந்தால்தான் ஏழெட்டு ஒன்றாக வந்து விழும். ஆனால் "குப்பைக் கோப்புகளை நீக்குங்கள்" என்று அவர்களே அனுப்பும் நோட்டிஃபிகேஷன் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை! அதைக் கொல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

லினேஜில் ஓட்டிய இரண்டரை ஆண்டில் அலாரம் ஒரு நாளும் தவறவில்லை. எனக்கு அதிலிருந்த சுகம் அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் இல்லை.

பாதுகாப்புக்காகக் கஸ்டம் ரோம் போடு என்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். லினேஜ் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பேட்சுக்கு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுக்கு, இரண்டு தேதி காட்டும். ஒன்று ஆண்ட்ராய்டுக்கு, மற்றது சிப் முதலானவற்றை இயக்கும் வெண்டர் பகுதிக்கு. என் போனில் முதல் தேதி மாதாமாதம் நகர்ந்தது. இரண்டாவது 2021-ஐ விட்டு அசையவே இல்லை. சிப்புக்கான மூடிய கோப்புகளை நிறுவனம் தந்தால்தான் உண்டு. பாதி வீட்டுக்குத்தான் புதுப் பூட்டு. ஸ்டாக்கில் இரண்டுமே பழசு, அது வேறு கதை.

நண்பனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறது. நாள் முழுக்க வங்கிச் செயலியில் இருப்பவன் அவன். போன் மாற்றும்போது ஏழு வருட அப்டேட் தருவதாக வாங்கு, 2023-ல் வந்த பிக்ஸல் 8-இலிருந்தே அது கிடைக்கிறது என்றேன்.

"அப்போ நீயும் ஸ்டாக்லயே இருக்கப்போறியா?" என்றான்.

பூட்லோடர் அன்லாக்குக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 168 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது நிறுவனம், இன்னும் 71 பாக்கி. அதுவரைக்கும் தலைமாட்டில் ஒரு சாவி கொடுக்கும் கடிகாரம் இருக்கிறது.