பேஸா, இதயத் துடிப்பா? கொழும்பில் மரதன் ஓட எதை நம்பலாம்

கொழும்பில் மரதனுக்குத் தயாராகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கட்சிகள் தெரியும். ஒரு கட்சிக்குக் கடிகாரம் காட்டும் பேஸ்தான், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு எடுக்கிற நேரம்தான், எல்லாம். 4 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டுமா, கிலோமீற்றருக்கு 6:24 என்று தொடக்கத்திலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டு போ என்பார்கள். மற்றக் கட்சி இதயத் துடிப்புக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டு, வேகம் எப்படி வருகிறதோ வரட்டும் என்று விடும். நான் துடிப்பின் பக்கம். இரண்டையும் இதே ஊரில் ஓடிப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

இடையில் மூன்றாவதாக ஒரு யோசனையும் உலவுகிறது: “வெயில் ஏற முதல் இழுத்து ஓடி நேரத்தைச் சேர்த்து வை, மச்சான்.” இதற்கு ஒரு கணக்குப் போதும். 6:24க்குப் பதிலாக 6:00இல் பாதித் தூரம் ஓடினால் சேர்வது எட்டரை நிமிடம். 30 கிலோமீற்றருக்கு மேல் கால் விட்டுப்போய் 9:30க்கு இறங்கினால், மூன்றே கிலோமீற்றரில் அத்தனையும் போய்விடும்.

பேஸ் கட்சியின் பக்கமும் நியாயம் உண்டு. கொழும்பைப் போலத் தட்டையான பாதையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கணக்கு மாற்றத் தேவையில்லை. ஒரே சீரான வேகம்தான் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கும். 2023இல் சிக்காகோவின் தட்டையான வீதிகளில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்று உலக சாதனை வைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. குளிரான ஊரில் ஓடப் போகிற எவருக்கும் நானும் பேஸைத்தான் சொல்வேன்.

கொழும்பில் அதைக் கெடுப்பது வெயிலை விட ஈரப்பதன். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் நின்றால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் வெப்பநிலை இறங்கும் அந்த நேரத்தில்தான் ஈரப்பதன் உச்சத்தில் நிற்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயனில்லை. வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் தொப்பியின் விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கிவிடும். இன்னும் சூரியனே வந்திருக்காது. ரீசேர்ட்டைப் பிழியலாம், காலுறை சப்பாத்துக்குள் சளசளக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்கு ஓடுகிறது, கால்களும் அதே இரத்தத்தைக் கேட்கின்றன. வியர்த்துப் போவதால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பும் தள்ளுகிற அளவு குறைவதால் இதயம் வேகமாக அடிக்க வேண்டும். அதாவது கடிகாரத்தில் 6:24 அப்படியே நிற்கும்; அந்த 6:24க்கு உடம்பு கொடுக்கிற விலை ஏறிக்கொண்டே போகும். பேஸ் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வரும்போது மிச்சத் தூரம் நிறைய இருக்கும். 2019இல் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மரதனை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். வெயில் துளியும் இல்லை. ஆனாலும் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவர்கள் உலகத் தரமானவர்கள்.

வரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? போட்டி நடக்கிற அதே நேரத்தில், அதே புழுக்கத்தில் நீண்ட ஓட்டம் ஓடிப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற கடைசிப் புள்ளி எதுவோ, அதுதான் வரம்பு. எனக்கு அது நிமிடத்துக்கு 150 துடிப்பை ஒட்டி வருகிறது. உங்களுக்கு வேறாக இருக்கும். 30 கிலோமீற்றர் வரை அதைத் தாண்டுவதில்லை, தாண்டினால் உடனே வேகத்தைக் குறைப்பேன். அதன் பிறகு துடிப்பு ஏறினால் ஏறட்டும். தொடக்கப் பரபரப்பில் எண் கொஞ்சம் கூடிக் காட்டும், முதல் இரண்டு கிலோமீற்றரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மணிக்கட்டுச் சென்சர் சில நேரம் காலடி எண்ணிக்கையைத் துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். நெஞ்சுப் பட்டி நம்பகமானது.

பயிற்சி இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டைப் பாதையில் ஒரே தசைகள் ஒரே மாதிரி மணிக்கணக்கில் உழைக்கின்றன. ஆகவே சுதந்திர சதுக்கத்தைச் சுற்றுவதோடு நிற்காமல், நீண்ட ஓட்டங்களைப் போட்டியைப் போலத் தட்டையான தார் வீதியில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய அறை ட்ரெட்மில்லில் பழகியவருக்கு வெளிச்சூடு பழக இரண்டு வாரமாவது வேண்டும்.

குடிப்பதையும் பழக வேண்டும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள்; குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை, இடையில் குடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் தாராளம், ஆனால் வியர்வையில் நாம் இழக்கிற சோடியம் அதில் குறைவு. அதனால் உப்பு வேறாகச் சேர வேண்டும், எனக்கு ஜீவனிக் கரைசல் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியை நீரில் கரைப்பது) ஒத்துப்போகிறது. வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

ஓடி-நடந்து போகிற முறையைச் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நீண்ட பயிற்சிகளில் செய்து பார்த்தேன், துடிப்பு நன்றாக அடங்குகிறது. முழு மரதனை அப்படி ஓடியதில்லை, அதனால் அதை ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுப்பவர்கள் பயிற்சியில் முயன்று பார்க்கலாம்.