ஆங்கிலம் வழியே போர்ச்சுகீசியம்: சில வருடங்கள் பழகிய பிறகு

லிஸ்பனுக்குக் குடிவருகிற வெளிநாட்டவர் பலர் ஆங்கிலத்தை வைத்துத்தான் போர்ச்சுகீசியம் கற்கிறார்கள். செயலி, பாடநூல், மாலை வகுப்பு மூன்றையும் நானும் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் பிரிட்டன், அமெரிக்காக்காரர்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். ஆங்கில வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுவார்கள். செயலி அதற்குப் புள்ளி வேறு கொடுக்கும்.

ஆங்கிலச் சொல் போலவே ஒலித்து வேறு பொருள் தந்து ஏமாற்றும் சொற்களைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். கடைக் கதவில் 'புஷெ' என்றிருந்தால் இழுக்க வேண்டும். லிஸ்பன்காரர்கள் கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவதால் அது காதில் ஆங்கிலப் 'புஷ்' என்றே விழும். 'கொன்ஷ்டிபாடு' என்றால் இங்கே சளி பிடித்திருக்கிறது என்று அர்த்தம், ஆங்கிலக் 'கான்ஸ்டிபேட்டட்' சொல்லும் மலச்சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலப் 'ப்ரிசர்வேட்டிவ்' நினைப்பில் ஜாமில் 'ப்ரெசர்வதீவு' இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், அது ஆணுறை. இதெல்லாம் ஒரு தடவை சிரித்தால் மறக்காது, விடுங்கள்.

உண்மையான தொல்லை வினைச்சொல்லில். ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதை உறுப்பு உறுப்பாக மாற்றினால் 'தேன்யு கொமீடு' வரும். இலக்கணம் சரி, பொருள் வேறு: 'கொஞ்ச நாளாகச் சாப்பிட்டு வருகிறேன்'. மதியச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால், 'ஜா அல்மொசெய்' என்று சாதாரண இறந்தகாலத்தில் முடித்துவிடலாம். தமிழில் 'சாப்பிட்டேன்', 'சாப்பிட்டு வருகிறேன்' என்று நாம் பிரிப்பது போலத்தான். நடுவில் ஆங்கிலத்தை நுழைத்தால்தான் குழப்பம்.

பதில் சொல்வதிலும் இதே கதை. சில்லறை இருக்கிறதா என்று கேட்டால் இங்கே பெரும்பாலும் 'ஆம்' என்று சொல்வதில்லை; 'தேன்யு', அதாவது 'இருக்கு', அவ்வளவுதான். வகுப்பில் ஆங்கிலக்காரர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் 'சிம், சிம்' (ஆம், ஆம்) என்று தலையாட்டுவார்கள். வினை விகுதியே ஆளைக் காட்டும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் 'எவு' (நான்) என்று தொடங்குவதும் அந்த வகைதான்.

ஆங்கிலத்தின் ஒரே 'பீ'க்கு (இருப்பது) இங்கே 'ஸேர்', 'ஷ்தார்' என்று இரண்டு வினைகள்; இந்த விஷயத்தில் என் கோபம் பாடநூல்கள் மேல். நிரந்தரமானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்று சொல்லித்தருகிறார்கள். மாணவராக இருப்பது நாலு வருஷம், அதற்கு 'ஸேர்'. ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு 'ஷ்தார்'! அதைவிட நிரந்தரம் எது? இன்னார் யார், எப்படிப்பட்டவர் என்றால் 'ஸேர்', இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்றால் 'ஷ்தார்' என்று எங்கள் ஆசிரியை சொன்னது எவ்வளவோ மேல்.

அப்புறம், 'நீங்கள்'. பாடங்களில் 'வொஸே' என்று வரும். போர்ச்சுகலில் பலர் காதுக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படும். எதிரில் இருப்பவரையே பெயராலோ 'அ சென்யோரா' (அம்மா அவர்கள்) என்றோ படர்க்கையில் வைத்துக் கேட்பார்கள். 'டீச்சர் காபி சாப்பிடுறாங்களா?' என்று டீச்சரிடமே கேட்பது மாதிரி. ஒரே 'யூ'வில் வளர்ந்தவர்களுக்கு இது வாயில் வர ரொம்ப நாளாகிறது.

நான் வாங்கிய செயலி கற்பித்தது பிரேசில் வழக்கு. லிஸ்பனில் ரயில் 'கொம்போயு', பிரேசிலில் 'த்ரெங்'. இது பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள். ஆனால் 'ப்ரொபீனா' இங்கே பல்கலைக்கழகக் கட்டணம், அங்கே லஞ்சம். எந்த நாட்டு வழக்கு என்று பார்க்காமல் வருடச் சந்தா கட்டாதீர்கள்.

என்னுடையதை நான் புதுப்பிக்கவில்லை. குடியுரிமைக்குக் கேட்கும் ஏ2 என்ற அடிப்படை மொழித் தேர்ச்சி நிலையைத் தொடும்வரை ஆங்கிலப் பாடநூல் உதவியது. அதற்குப் பிறகு விளக்கமும் போர்ச்சுகீசியத்திலேயே உள்ள நூலுக்கு மாறிவிட்டேன். சொல்லுக்குப் ப்ரீபெராம் இணைய அகராதி, காதுக்குப் போர்ச்சுகல் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிபியின் வானொலி. இரண்டுக்கும் காசு இல்லை.