படகு மரத்துக்கு எண்ணெய்: நான்கு வருட அனுபவம்

என் படகில் வெளியே தெரியும் மரமெல்லாம் தேக்கு: கைப்பிடிக் கட்டைகள், விளிம்புப் பலகை, உட்காரும் பலகை. நான்கு வருடத்துக்கு முன்பு வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய்க்கு மாறினேன். வார்னிஷின் பளபளப்பு அழகுதான். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது வழியாகத் தண்ணீர் புகுந்து சுற்றிலும் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும்.

முதல் வருடம் சொதப்பினேன். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பூசி, மரம் குடித்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்தும் கைப்பிடி பிசுபிசுத்தது. தூசி, செத்த கொசு, என் விரல் ரேகை எல்லாம் அதில் ஒட்டியிருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல தீனி என்பது அப்புறம்தான் புரிந்தது.

இப்போது டங் எண்ணெய், டங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. காய நேரமெடுக்கும், ஆனால் தண்ணீரை நன்றாகத் தாங்குகிறது, அவ்வளவாகக் கறுப்பதும் இல்லை. 'தேக்கு எண்ணெய்' என்று விற்பதும் தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணெய்களில் ஒன்றும் கரைப்பானும்தான், சிலவற்றில் கொஞ்சம் வார்னிஷும் இருக்கும்.

எண்ணெய் பூசும் முன் பலகையை மென்மையான பிரஷால் மர ரேகைக்குக் குறுக்கே கழுவுகிறேன். ரேகையோடு தேய்த்தால் மெத்தென்ற பகுதி கரைந்து பலகை வரிவரியாகிவிடும். நன்றாகக் காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு துணியால் மெல்லிய பூச்சு. கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எல்லாமே அந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. பலகையின் வெட்டுமுனை மட்டும் விதிவிலக்கு. அது குடித்துக்கொண்டே இருக்கும், நாலைந்து முறை கொடுக்கிறேன்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி தானாகவே தீப்பிடிக்கும். நான் தண்ணீரில் முக்கி, வெளியே தனியாக விரித்துப் போடுகிறேன்.

எத்தனை நாள் தாங்கும்? நேர்வெயில் படும் விளிம்புப் பலகைக்கு இரண்டு மூன்று மாதம், அவ்வளவுதான். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஆனால் சுரண்டுகிற வேலை இல்லை, ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

உட்காரும் பலகைக்கு இந்த வருடம் எண்ணெய் போடவே இல்லை. சாம்பல் நிறமாகிவிட்டது. வெயிலில் மேல்தோல் மட்டும் வெளுத்திருக்கிறது, உள்ளே மரம் கெட்டியாக இருக்கிறது, ஈரக்காலோடு ஏறினாலும் வழுக்குவதில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.