வக்கீல் காட்டும் தீர்ப்புகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்: கடலூரில் எங்களுக்கு நடந்தது

திருப்பாதிரிப்புலியூரில் அம்மா பெயரில் இருக்கும் வீட்டுக்குப் போகிற பாதையைப் பக்கத்து மனைக்காரர் அடைத்துவிட்டார். கடலூர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். வக்கீல் ஃபீஸ் 40,000 ரூபாய். அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

கடைசிக் கட்டத்தில் வக்கீல் ஒன்பது பக்கத்துக்கு எழுத்துப்பூர்வ வாதம் தாக்கல் செய்தார். பாதை உரிமை பற்றி நான்கு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், ஆண்டும் பக்க எண்ணும் போட்டு. எங்கள் வழக்குக்கென்றே எழுதினாற்போல் இருந்தன. படித்துவிட்டு அம்மாவிடம் "ஜெயிச்சிடுவோம்மா" என்று சொன்னேன்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மூன்று தீர்ப்புகள் எங்குமே இல்லை, நான்காவது இருக்கிறது, ஆனால் அது மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கு என்றார். நீதிபதி நகல் கேட்டார். எங்கள் வக்கீலிடம் ஒரு தாள்கூட இல்லை. வெளியே வந்து கேட்டால், "ஜூனியர் சாட்ஜிபிடில எடுத்தது சார், சின்ன மிஸ்டேக்" என்கிறார். எங்கள் பத்திரம் உண்மை, இடத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கை உண்மை. இப்போது அவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கும்படி ஆகிவிட்டது. அதுதான் மனது ஆறவில்லை.

சாட்ஜிபிடி மாதிரியான செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொருத்தமாகத் தோன்றும் வார்த்தைகளைக் கோத்துத் தருகின்றன. அதனால் இல்லாத வழக்குக்கும் பெயரும் எண்ணும் வந்துவிடும். 2023இல் நியூயார்க்கில் இப்படி ஆறு பொய்த் தீர்ப்புகளைக் காட்டியதற்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர்களில் ஒருவர் "இவை உண்மையான வழக்குகளா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. ஆகவே அதனிடமே சரிபார்க்காதீர்கள். கோர்ட் தீர்ப்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் இந்தியன் கானூன் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். அங்கே கிடைக்கவில்லை என்றால், தாக்கல் செய்வதற்கு முன்பே வக்கீலிடம் முழு நகலைக் கேளுங்கள். கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், நான் தயங்கித்தான் இந்த நிலை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதமே சொல்லிவிட்டது. சரி, வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்கீழ், வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பார் கவுன்சில்தான், சென்னையில் இருக்கிறது.

இன்னொன்றும் தாமதமாகத்தான் தெரிந்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும். அம்மாவுக்கு இப்போது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வேறு வக்கீல் கிடைத்திருக்கிறார். முதல் நாளே இரண்டு தீர்ப்பு நகல்களை அம்மா கையில் கொடுத்தார். அன்று ராத்திரியே இரண்டையும் தளத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன.