ஆறு இருக்கைகளுக்கு ஒரு லவுஞ்ச்: ஹாங்காங்கின் ‘தி பியர்’

பல ஆண்டுகளாகப் பறந்து சேர்த்து வைத்திருந்த மைல்களை (விமான நிறுவனங்கள் தரும் பரிசுப் புள்ளிகளை)ச் செலவழித்து, ஹாங்காங்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் கேத்தே பசிபிக் விமானத்தில் முதல் வகுப்பு இருக்கை ஒன்றைப் பதிவு செய்திருந்தேன். சென்னையிலிருந்து ஹாங்காங் செல்லும் விமானத்தில் முதல் வகுப்பே கிடையாது. ஆகவே நான் முதல் வகுப்புப் பயணி ஆனது, ஹாங்காங் விமான நிலையத்தின் முதல் முனையத்தில், 63ஆம் வாயிலுக்கு அருகே ஒரு தளம் கீழே இறங்கிய பிறகுதான். ‘தி பியர்’ என்ற முதல் வகுப்பு லவுஞ்ச் அங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளி, 65ஆம் வாயிலருகே, அதே பெயரில் பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கென்று இன்னொரு லவுஞ்ச். விமான நிறுவனங்கள் முதல் வகுப்புக்கு எனத் தனி லவுஞ்ச் நடத்தத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேட இதைவிட வாகான இடம் அமையாது. முதல் வகுப்புச் சீட்டு இரண்டுக்கும் செல்லும் என்பதால், கையிலிருந்த ஐந்து மணி நேரத்தில் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பிசினஸ் லவுஞ்ச். நம் ஊர் விமான நிலையங்களில் டெபிட் கார்டில் இரண்டு ரூபாய் கழித்துக்கொண்டு உள்ளே விடும் லவுஞ்சுகளை மட்டுமே அறிந்தவர்களுக்கு, இதுவே அரண்மனையாகத் தோன்றும். கேட்டவுடன் கிண்ணத்தில் சூடாக நூடுல்ஸ் போட்டுத் தரும் கடை ஒன்றும், தேநீருக்கென்றே ஓர் அறையும் உள்ளன. நூடுல்ஸுக்கு எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். வரிசை வேகமாகவே நகர்ந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தபடிதான் அங்கிருந்து புறப்பட்டேன்.

முதல் வகுப்பு லவுஞ்ச் 2015இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் இல்ஸ் கிராஃபர்டின் கைவண்ணத்தில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. நீண்டு செல்லும் ஒரே நடைபாதையின் பக்கவாட்டில் அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே போனதும் கண்ணில் படுவது ஆடம்பரம் அன்று. வெளிச்சம் குறைவாக இருப்பதுதான். பஃபே மேசையைச் சுற்றி நிற்கும் கூட்டம் இல்லை. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் பரிமாறுபவர் வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, “உங்கள் விமானம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் கேள்வியின் அருமை பிறகுதான் புரிந்தது. ஒலிபெருக்கி அறிவிப்பு எதுவும் காதில் விழாத அந்த இடத்தில், நேரம் பார்க்கும் வேலையை அவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார். வான்டன் நூடுல்ஸ் நன்றாகவே இருந்தது. ஆனால் சுவையில் பிசினஸ் லவுஞ்சின் கிண்ணத்தைவிட ஒரு படி மேல் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இவை போக, தோளும் காலும் பிடித்துவிடுவதற்கு ஓர் இடமும், திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்படி சிறு அறைகளும் இருக்கின்றன. இரவெல்லாம் விழித்து வந்த எனக்கு, அங்கே கிடைத்த நாற்பது நிமிடத் தூக்கம்தான் அன்றைய உண்மையான முதல் வகுப்பு. ஒரு விருந்தினரை உடன் அழைத்துச் செல்லலாம் என்பதால், பிசினஸ் வகுப்பில் வந்துகொண்டிருந்த மதுரைக்கார நண்பரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவர், “விமானத்துல ஆறு சீட்டுதானேங்க இருக்கு? இவங்கெல்லாம் யாரு?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. கேத்தேயின் போயிங் 777-300இஆர் விமானங்களில் முதல் வகுப்பு இருக்கைகள் ஆறுதான். நிறுவனத்தின் எல்லா விமானங்களிலும் அந்த வகுப்பு இருப்பதும் இல்லை. லவுஞ்சை நிரப்புபவர்கள் பெரும்பாலும் ‘ஒன்வேர்ல்ட் எமரால்டு’ தகுதி பெற்ற அடிக்கடிப் பயணிகள்; கேத்தே சேர்ந்திருக்கும் ‘ஒன்வேர்ல்ட்’ என்ற விமான நிறுவனக் கூட்டணியின் உச்சத் தகுதி அது. அன்றைய தினம் அவர்கள் எகானமியில் பறந்தாலும் இந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கும். அதாவது பெயர்ப்பலகையில் இருப்பது முதல் வகுப்பு. உண்மையில் நடப்பது, வாடிக்கையாளர் கைநழுவிப் போகாமல் காக்கும் வேலை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இதை மூடினால் அத்தனை பேரும் 65ஆம் வாயிலுக்குப் போய் நூடுல்ஸ் வரிசையில் நிற்பார்கள், பதினொரு பேர் நின்ற இடத்தில் முப்பது பேர் நிற்பார்கள்.

வேறு வழியில் செல்பவர்களும் உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், மூன்றாம் முனையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்தும் ‘தி பிரைவேட் ரூம்’, தன் சொந்த விமானத்தில் சூட்ஸ் (தனி அறை போன்ற இருக்கை) அல்லது முதல் வகுப்பில் பறப்பவர்களுக்கு மட்டுமே. கூட்டணி நிறுவனங்களின் முதல் வகுப்புப் பயணிகள்கூட அதற்கு வெளியே உள்ள லவுஞ்சோடு நின்றுவிட வேண்டும். ஜெர்மனியின் லுஃப்தான்சா 2004இல் பிராங்க்பர்ட்டில் தனிக் கட்டடமே திறந்து, பாதுகாப்புச் சோதனையையும் உள்ளேயே முடித்து, பயணியைக் காரில் விமானத்தடிக்கே கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனமோ சர்வதேச முதல் வகுப்பையே கைவிடும் முடிவோடு, 2016 டிசம்பரில் சிகாகோவில் பிசினஸ் வகுப்புக்கான ‘போலாரிஸ்’ லவுஞ்சைத் திறந்தது. மேசைக்கே வந்து பரிமாறும் உணவு அங்கும் உண்டு. வழக்கமான கிளப் உறுப்பினர்களுக்கு அனுமதி இல்லை. கோடு அழியவில்லை, சற்றுத் தள்ளிப் போடப்பட்டது, அவ்வளவுதான்.

தனி லவுஞ்ச் என்ற பெயருக்கே பொருந்தாத ஒன்றையும் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தன் தாய் நிலையத்திலிருந்து (நிறுவனம் தலைமையிடமாகக் கொண்ட விமான நிலையத்திலிருந்து) வெகு தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், பிசினஸ் லவுஞ்சின் மூலையில் மங்கலான கண்ணாடித் தடுப்பு ஒன்றை வைத்து ‘முதல் வகுப்பு’ என்று எழுதியிருந்தார்கள். உள்ளே நான் ஒருவன்தான். காய்ந்துபோன அதே சாண்ட்விச், அதே காபி இயந்திரம். ஒரே வேறுபாடு, சர்க்கரை கேட்க வெளியே எழுந்து வர வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரு விமானம் வந்து போகும் ஊரில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, அங்குள்ள எல்லாருக்கும் சூடாகப் பரிமாற ஓர் ஆளைக் கூடுதலாக வைப்பதே முறை. தனி லவுஞ்ச் நிறுவனத்தின் தாய் நிலையத்தில் மட்டும் போதும். அங்கேயும் ஹாங்காங்கைப் போல ஆள்பலமும் அமைதியும் இருந்தால் மட்டும்.

பரிமாறியவர் குறித்த நேரத்தில் வந்து சொல்ல, வாயிலுக்குப் போனேன். விமானத்தில் அந்த ஆறு இருக்கைகளில் நால்வர் இருந்தோம். மற்ற மூவரில் ஒருவரை மட்டுமே லவுஞ்சில் பார்த்த நினைவு.