கண்ணில் படாத கீழ்மடிப்பு: கைத்தையலா, மெஷினா, ஒட்டு டேப்பா?

ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு தையல் கடைக்குக் கீழ்மடிப்புக்காக வரும் துணிகளைப் பிரித்து வைத்தால், நிதா, கிரேப் துணிகளில் தைத்த அபாயாக்கள் (முஸ்லிம் பெண்கள் உடைக்கு மேல் அணியும் நீள அங்கிகள்) ஒரு பக்கமும், ஃபால்ஸ் (அடி ஓரத்தின் உள்பக்கம் தைக்கும் துணிப்பட்டை) வைக்க வேண்டிய சேலைகளும் பள்ளிச் சீருடைகளும் மறுபக்கமும் சேரும். வெளிப்புறம் தையல் தெரியாமல் இவற்றை மடிக்கக் கை ஹெம்மிங், ஜிக்ஜாக் மெஷினில் அடிக்கும் பிளைண்ட் ஹெம், இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் ஃபியூசிங் டேப் ஆகிய மூன்று வழிகள் உள்ளன.

கை ஹெம்மிங்கின் வெற்றி, வெளித்துணியில் ஓர் இழையை, மிஞ்சினால் இரண்டு இழைகளை மட்டுமே ஊசி எடுப்பதில் இருக்கிறது. ஒன்பது அல்லது பத்தாம் எண் மெல்லிய ஊசியில் ஒற்றை நூல் கோத்து, அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்று போகலாம். தையல் வெளியே தெரிகிறது என்று குறைப்படுபவர்களில் பலர் ஊசியையே பழிக்கிறார்கள். உண்மையில் நூலை இறுக்கி இழுப்பதால்தான் ஒவ்வொரு தையலுக்கும் நேரே துணியில் சிறு குழி விழுந்து, ஒரே நிற நூலாக இருந்தும் வரிசை காட்டிக்கொடுத்துவிடுகிறது. கிரேப் போல இழுபடும் துணிக்கு, இடமிருந்து வலமாக நகர்ந்தபடி ஊசி முனையை இடப்பக்கம் நோக்கிக் குத்தும் ஹெர்ரிங்போன் தையல் மேலானது. குறுக்கிட்டுச் செல்லும் நூல் துணியோடு சேர்ந்து நெகிழ்ந்து கொடுக்கும். இந்தக் கடற்கரையில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: உப்புக்காற்றில் ஊசி சீக்கிரம் துருவேறும், துருவேறிய ஊசி வெளிர்நிறப் பட்டில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும் என்பதால் அதை மூடிய டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய கருப்பு மெஷினில் பிளைண்ட் ஹெம் வராது. ஜிக்ஜாக் வசதியும், துணியை அழுத்திப் பிடிக்க அதற்கென்றே உள்ள பாதமும் இருந்தால், மடிப்பின் விளிம்பில் சில சிறு தையல்களைப் போட்டுவிட்டு, ஒரே ஒரு தையல் பக்கவாட்டில் தாவி வெளித்துணியைத் தொட்டுத் திரும்பும். அந்தத் தாவலின் அகலத்தைக் கழிவுத்துணியில் சரிபார்க்காமல் அடித்தால் வெளியே புள்ளிகளாகத் தெரியும். பெருநாள் நெருக்கத்தில் கருப்பு அபாயாக்கள் குவியும்போது மெஷினையே நாடலாம் என்பது என் கருத்து. கருப்பு நிறம் சிறு பிசகுகளை மறைத்துவிடும். ஆனால் குடைபோல் விரியும் அபாயாவுக்கு அது ஒத்துவராது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய பகுதி தன் எடையாலேயே தொய்ந்து இறங்கும் என்பதால், அதை ஓர் இரவு தொங்கவிட்டு, அடிவிளிம்பைத் தரையிலிருந்து அளந்து வெட்டிய பிறகு, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மடித்துக் கையால் தைப்பதே சரி. ஆலையில் தைத்த ரெடிமேட் பேண்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது வேறு வகை: வளைந்த ஊசியும் ஒற்றை நூலும் கொண்ட மெஷின் போட்ட சங்கிலித்தையல். ஒரு முனை அறுந்து நூல் இழுபட்டால் மடிப்பு முழுவதும் பிரிந்துவிடும். வாங்கியவுடன் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவது நல்லது.

ஃபியூசிங் டேப்பை அவசரத்துக்கு மட்டுமே ஒப்புக்கொள்ள முடிகிறது. அதன் பசை உருகச் சூடு வேண்டும். நிதா பாலியெஸ்டர் என்பதால் அதிகச் சூட்டைத் தாங்காது. மெஷின் தையலின் சிறு பிசகை மறைத்த அதே கருப்பு, இஸ்திரியின் பளபளப்பை அப்படியே எடுத்துக்காட்டும். மெல்லிய ஷிஃபானில் பசை மறுபுறம் ஊறும், காற்றில் அலைய வேண்டிய விளிம்பு அட்டைபோல் விறைத்து நிற்கும். தனுஷ்கோடி மணலில் நடக்கையில் ஒட்டிய மடிப்புக்குள் மணல் புகாது என்பதே அதற்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது.

சேலை ஃபால்ஸுக்குப் போட்டியே இல்லை, கைத்தையல்தான். பருத்தி ஃபால்ஸை முதலில் நனைத்து உலர்த்தாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கிச் சேலையின் ஓரத்தையும் சுருக்கிவிடும்.

சீருடைக்கும் கைத்தையலையே பரிந்துரைப்பேன், ஆனால் காரணம் வேறு. ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே விட்டு மடித்திருந்தால், அடுத்த ஜூனில் பிள்ளை வளர்ந்திருக்கும்போது ஒரே நூலை உருவி இறக்கிவிடலாம். மெஷின் தையலைப் பிரித்தால் நெருக்கமான துளை வரிசை தெரியும், டேப்பைப் பிரித்தால் பசை நிற்கும். பழைய மடிப்புக் கோட்டின் மேல் ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்தால் கோடு பெரும்பாலும் மங்கிவிடும்.