அப்டேட்டும் ஏறல, ஆக்டிவேஷனும் போச்சு: கமாண்டா, ரிப்பேர் இன்ஸ்டாலா, ஃபார்மட்டா?

விண்டோஸ் அப்டேட் பாதி வரைக்கும் போய்ட்டு பழையபடி திரும்பி வருது, கூடவே ஸ்கிரீன் மூலையில "ஆக்டிவேட் விண்டோஸ்"னு வேற வந்து நிக்குதுன்னா முக்கால்வாசி பேர் நேரா ஃபார்மட்டுக்குத்தான் போறாங்க. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. இது ரெண்டும் பெரும்பாலும் தனித்தனி வியாதி.

ரெண்டையும் சேர்த்து இழுத்து வைக்கிற காரணம்னா அது தேதிதான், அதை முதல்ல பாத்துருங்க. மதர்போர்டுல இருக்குற காசு மாதிரி பேட்டரி செத்துட்டா கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிரும், அப்புறம் சர்வர் காட்டுற சர்டிபிகேட்டோட தேதி ஒத்து வராம இணைப்பே கிடைக்காது. ஒரு பழைய லேப்டாப்போட ரெண்டு நாள் மல்லுக்கட்டிட்டு கடைசியில டாஸ்க்பாரைப் பாத்தா 2015-னு காட்டுது, தேதியை மாத்தின பத்து நிமிஷத்துல அப்டேட் இறங்க ஆரம்பிச்சுது.

தேதி சரியா இருந்தா அடுத்தது கமாண்ட், அதாவது கமாண்ட் ப்ராம்ப்ட்ல டைப் பண்ணி கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலை சரி பண்றது. டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) முதல்ல, எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) அடுத்து, நிறைய பேர் இதை மாத்திப் போடுறாங்க. எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்குறதே காம்பொனென்ட் ஸ்டோர்ல இருந்துதான் (விண்டோஸ் தன்னோட சிஸ்டம் ஃபைலுக்கு காப்பி வச்சிருக்குற இடம், டிஸ்ம் சரி பண்றது இதைத்தான்), அந்த ஸ்டோரே கெட்டுப்போயிருந்தா அது எங்க இருந்து எடுக்கும்? 80073712-னு முடியுற எரர் வந்தா ஸ்டோர்தான் அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம். இதுல சிக்கல் என்னன்னா டிஸ்ம் மாத்து ஃபைலை வழக்கமா விண்டோஸ் அப்டேட் வழியாத்தான் தேடும், அப்டேட்டே படுத்துட்டா இதுவும் சில சமயம் கூடவே படுத்துரும்.

அந்த இடத்துலதான் ரிப்பேர் இன்ஸ்டால் ஜெயிக்குது, என் ஓட்டும் அதுக்குத்தான். ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் பண்ண வேண்டியது மொத்தமும் அடங்குன ஒரே ஃபைல்) இறக்கி, யூஎஸ்பில பூட் பண்ணாம, ஓடிட்டு இருக்குற விண்டோஸ்குள்ளயே செட்டப்பை திறந்து "ஃபைல், ஆப் ரெண்டும் வச்சுக்கோ"ங்கிறதை டிக் பண்ணணும், சிஸ்டம் ஃபைல் மொத்தமும் புதுசாகும், உங்க சாஃப்ட்வேர் செட்டிங் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும், லைசென்ஸும் அப்படியே நிக்கும். ஆனா பாஷையும் எடிஷனும் (ஹோம், ப்ரோ மாதிரி) ஒத்துப்போகலைன்னா ஆப் வச்சுக்குற ஆப்ஷன் மங்கிப்போய் கிளிக்கே ஆகாது, அப்படித் தெரிஞ்சா அங்கயே கேன்சல் பண்ணிட்டு சரியான ஐஎஸ்ஓ எடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்னா பொறுமை வேணும், நடுவுல பவரை ஆஃப் பண்ணாதீங்க.

ஃபார்மட் எப்போ? வைரஸ் பூந்திருந்தா, இல்ல கிராக் போட்ட (லைசென்ஸ் இல்லாம ஏமாத்தி ஆக்டிவேட் பண்ணின) சிஸ்டம்னா. கிராக் எதை எதை நோண்டி வச்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதை ரிப்பேர் பண்ணி நம்புறது சரியா வராது.

ஆக்டிவேஷன் கதை வேற. டிஜிட்டல் லைசென்ஸ் (கீ டைப் பண்ணத் தேவையில்லாம மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிவாகி இருக்குறது) மதர்போர்டோட ஒட்டிக்கிட்டது, அதனால அதே மெஷின்ல அதே எடிஷன் போட்டா கீ கேட்குற இடத்துல தாண்டிப் போனாலும் நெட் கிடைச்சதும் தானாவே ஆக்டிவேட் ஆயிரும். ஹோம் லைசென்ஸ் இருக்குற மெஷின்ல ப்ரோ போட்டுட்டு எத்தனை தடவை ஃபார்மட் பண்ணாலும் ஆகாது. மதர்போர்டு மாத்தினா, ரீட்டெயில் லைசென்ஸை (தனியா வாங்கினது) மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட முன்னாடியே இணைச்சிருந்தீங்கன்னா ட்ரபுள்ஷூட்டர் வழியா மீட்டுரலாம், லேப்டாப்போட சேர்ந்து வர்ற ஓஇஎம் லைசென்ஸ் புது போர்டுக்கு மாறாது. ஆபீஸ் லேப்டாப்னா இன்னொரு விஷயம்: கேஎம்எஸ் முறையில (கம்பெனியோட சொந்த சர்வர் மூலமா நடக்குறது) ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான், அதுக்குள்ள ஒரு தடவையாவது ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடணும். ரொம்ப நாளா வீட்டுலயே வச்சிருந்து அந்த "ஆக்டிவேட் விண்டோஸ்" வாட்டர்மார்க் வந்துச்சுன்னா விபிஎன் (வீட்டுல இருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குல சேர்க்குறது) போட்டாலே பல நேரம் போதும், ஃபார்மட் பண்ணா வேலை ரெண்டு மடங்காகும்.

எதுல கை வைக்கிறதுக்கு முன்னாடியும் பிட்லாக்கர் (டிஸ்க்ல இருக்குறதை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஓடுதான்னு பாத்து, அந்த 48 இலக்க ரெகவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, ரீஸ்டார்ட் ஆனதும் நீல ஸ்கிரீன்ல அதைக் கேட்கலாம், அப்போ அது இல்லைன்னா உள்ள இருக்குற போட்டோ, டாக்குமெண்ட் ஒண்ணையும் யாராலயும் எடுத்துத் தர முடியாது.